பிறந்த ஊர் எது?

செப்டம்பர் 13, 2025, சனி

ஜே.எஃப்.கே. விமான நிலையத்தில் குடியேற்ற அதிகாரி முன்னால் போய் நின்றபோது அங்கே மணி பிற்பகல் மூன்றரை. என் உடம்புக்கு நடுராத்திரி ஒன்று. "என்ன வேலை?" என்றார். ஸ்டாஃப் நர்ஸ், கோயம்புத்தூரில் தனியார் ஆஸ்பத்திரி, ஐ.சி.யு. என்றேன். "இங்கே யார் இருக்காங்க?" அண்ணன். "எவ்வளவு நாள்?" மூன்று வாரம். நிமிர்ந்து பார்த்து, "லீவு அவ்வளவுதான் கொடுத்தாங்களா?" என்று சிரித்தார். விரல் ரேகை, ஒரு போட்டோ, முடிந்தது. மூன்று வாரம் கேட்டவளுக்கு ஆறு மாதம் பதிந்திருக்கிறார் என்பது, வீட்டுக்கு வந்து அண்ணன் இணையத்தில் பார்த்துச் சொன்ன பிறகுதான் தெரிந்தது. விசிட்டர் விசாவில் வருகிறவர்களுக்குப் பொதுவாக அப்படித்தான் கொடுப்பார்களாம்.

விசா வாங்குவதில்தான் பாடு. அமெரிக்கச் சட்டம், விசிட்டர் விசா கேட்டு வருகிற ஒவ்வொருவரையும் அங்கேயே தங்கிவிட வருபவர் என்றுதான் முதலில் எடுத்துக்கொள்கிறது. இல்லை, திரும்பிப் போய்விடுவேன் என்று காட்ட வேண்டியது நம் பொறுப்பு. நான் காட்டினேன்: வேலை, வீட்டுக் கடன், ஆறாவது படிக்கும் மகன், வீட்டுக்காரர். எல்லாம் நிஜம். திரும்பித்தான் போகப் போகிறேன். பிறகு ஒருநாள் முறைப்படி நர்சாக, குடும்பத்தோடு இங்கே வரவேண்டும் என்ற ஆசையும் நிஜம். என்னோடு படித்தவர்கள் அயர்லாந்தில் இருக்கிறார்கள், இங்கிலாந்தில் இருக்கிறார்கள், சவுதியில் இருக்கிறார்கள். எனக்கு வயது 38. அமெரிக்காவில் நர்ஸ் உரிமத்துக்கு எழுத வேண்டிய என்கிளெக்ஸ் தேர்வு, ஆங்கிலத் தேர்வு, சான்றிதழ் சரிபார்ப்பு என்று லட்சத்துக்கு மேல் போகும். அதைக் கட்டுவதற்கு முன்னால் ஊரைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. புடவை எடுக்கப் போனால்கூட ஓரத்தைத் தொட்டுப் பார்க்காமல் பில் போடச் சொல்வதில்லையே.

பெட்டியில் அம்மா கொடுத்த பருப்புப் பொடி, சுண்டைக்காய் வற்றல், நாட்டுச் சர்க்கரை. பச்சைக் கறிவேப்பிலை மட்டும் இல்லை. ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களைச் சாகடிக்கும் ஒரு நோயைப் பரப்புகிற பூச்சி அதில் ஒட்டிக்கொண்டு வரும் என்பதால் உள்ளே விடமாட்டார்கள் என்று அண்ணன் முன்பே எச்சரித்திருந்தார். பெட்டி எடுக்கும் இடத்தில் ஒரு பீகிள் நாய் என் கைப்பையை மோந்துவிட்டு, ஆர்வமில்லாமல் அடுத்த ஆளிடம் போனது.

வரும் வழியில் வெரசானோ பாலத்தின் மேல் கார் ஏறியபோது, "வலது பக்கம் பாரு, அம்மிணி, தூரத்துல சுதந்திர தேவி" என்றார் அண்ணன். பார்த்தேன். தூங்கிவிட்டேன்.

செப்டம்பர் 15, திங்கள்

விடியற்காலை மூன்று மணிக்கே முழிப்பு. வெளிச்சம் வந்ததும் நடக்கக் கிளம்பினேன். வீடுகளுக்கு முன்னால் மதில் இல்லை, கேட் இல்லை, புல்தரைதான். மான் ஒன்று யாரோ ஒருவர் வீட்டுச் செம்பருத்தியை மேய்ந்துகொண்டிருந்தது. நடைபாதை ஒரு வளைவு வரை வந்துவிட்டு, காரணம் சொல்லாமல் நின்றுவிட்டது. அதற்கப்புறம் நடக்கிறவர் ரோட்டில்தான் நடக்க வேண்டும். நடக்கிறவர் என்று ஒருத்தர் இருப்பார் என்பதையே யோசிக்காமல் கட்டிய ஊர். பால் வாங்கக் கார், கோயிலுக்குக் கார், நடைப்பயிற்சி செய்யும் பூங்காவுக்குப் போகவும் கார். அண்ணி இங்கே வந்த முதல் வருடம் லைசென்ஸ் எடுக்கும்வரை வீட்டுக்குள்ளேயே இருந்தாராம். அந்த ஒரு வருடத்தைப் பற்றி அவர் இதற்கு மேல் பேசவில்லை.

என்னை அசர வைத்தது பள்ளிப் பேருந்துதான். மஞ்சள் பேருந்து நின்றதும் அதன் பக்கவாட்டிலிருந்து 'ஸ்டாப்' என்று ஒரு பலகை கைபோல நீண்டது. சிவப்பு விளக்குகள் மின்னின. பின்னால் வந்த கார்களும் நின்றன, எதிர்ப்பக்கம் வந்த கார்களும் நின்றன. ஒரு பையன் ஷூ லேசைக் கட்டிக்கொண்டு, திரும்பி அம்மாவுக்குக் கையாட்டி, ஆற அமர ஏறினான். ஒரு ஹாரன் இல்லை. எங்கள் ஆஸ்பத்திரிக்கு விபத்துக் கேஸாக வரும் குழந்தைகளை நினைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். நாளைக்கு நியூயார்க்கின் உயரக் கட்டடங்களைக் காட்டினாலும் இந்த அளவுக்கு வியப்பேனா என்று தெரியவில்லை.

எடிசன் என்று இந்த ஊருக்குப் பெயர் வந்த கதையும் தெரிந்தது. தாமஸ் எடிசனின் மென்லோ பார்க் ஆய்வுக்கூடம் இங்கேதான் இருந்தது. 1879-இல் மின்விளக்கை எரிய வைத்ததும் இங்கேதான். 1954-இல்தான் ஊருக்கு அவர் பெயரை வைத்தார்கள். அந்த இடத்தில் ஒரு கோபுரம், அதன் தலையில் ராட்சத பல்பு. அங்கிருந்து கொஞ்சம் காரில் போனால் ஓக் ட்ரீ ரோடு: நகைக்கடை, புடவைக்கடை, சாட் கடை, ஏ.டி.எம். வாசலில் வெற்றிலைக் கறை. கறையைப் பார்த்ததும் ஒரு நிம்மதி, அதைத் தொடர்ந்து ஒரு வெட்கம்.

பெட்ரோல் போடும்போது அண்ணன் காரைவிட்டு இறங்கவே இல்லை. அமெரிக்காவில் எல்லாரும் தாங்களே போட்டுக்கொள்வார்கள் என்றுதானே சொல்வார்கள் என்று கேட்டேன். நியூ ஜெர்சியில் மட்டும் அது சட்டப்படி குற்றமாம். 1949-இல் போட்ட சட்டம் இன்னும் இருக்கிறது. குழாயைப் பிடித்திருந்தவர் பஞ்சாபிக்காரர். அண்ணன் அவரிடம் இந்தியில் கிரிக்கெட் பேசினார்.

செப்டம்பர் 17, புதன்

பக்கத்து வீட்டில் எண்பதைத் தாண்டிய ஒரு பாட்டி தனியாக இருக்கிறார். அண்ணி செய்த ரவா லட்டைக் கொண்டுபோய்க் கொடுக்கப் போனோம். இத்தாலிய வம்சம், அவருடைய தாத்தா நேப்பிள்ஸிலிருந்து கப்பலில் வந்தவர். என்னை நர்ஸ் என்று அண்ணி சொன்னதுதான் தாமதம், மாத்திரை டப்பாவை எடுத்து முன்னால் வைத்துவிட்டார். கோயம்புத்தூரானாலும் எடிசனானாலும் இதில் மாற்றமில்லை.

அவரைக் குளிப்பாட்ட, நடக்கவைக்க ஒரு பெண் வருகிறார். கானா நாட்டுக்காரர். பாட்டியைக் கட்டிலிலிருந்து எழுப்பும் விதத்தைப் பார்த்ததும் நல்ல கைப்பழக்கம் உள்ளவர் என்று தெரிந்துவிட்டது: பாட்டியின் கையைப் பிடித்து இழுக்காமல், முதலில் தோளுக்கடியில் கையைக் கொடுத்து, பாட்டி தானே எழுந்திருக்கும்வரை காத்திருந்தார். ஊரில் டீச்சராக இருந்தாராம். அரசாங்கத்தின் மெடிகேர் காப்பீடு ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்துக்கொள்ளும். இப்படி நாள் முழுக்க வீட்டில் கூட இருந்து பார்த்துக்கொள்வதற்குக் கொடுக்காது. அந்தப் பணத்தைப் பாட்டியின் பிள்ளைகள் போடுகிறார்கள். பிள்ளைகள் டெக்சாஸிலும் கலிபோர்னியாவிலும்.

திரும்பி வரும்போது அண்ணி, "நம்ம ஊர்ல மாமா அத்தையையும் இப்படித்தான் ஆள் வெச்சுப் பாக்கறோம்" என்றார். என் அப்பா அம்மாவைத்தான் சொன்னார். உள்ளூரில் இருக்கிற மகள் நான்தான். அந்த ஆளுக்கு லீவு வேண்டுமென்றால் போன் வருவது எனக்குத்தான். நானும் கிளம்பி வந்துவிட்டால் யாருக்கு வரும்? அண்ணி அதைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

செப்டம்பர் 18, வியாழன்

இன்றைக்குத்தான் நான் வந்த காரியம். அண்ணியின் தோழி ஒரு மலையாளி நர்ஸ், இருபது வருடமாக இங்கே வேலை. நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்கி எழுந்து, சாயங்காலம் சாயாவோடு உட்கார்ந்தார். தமிழும் மலையாளமும் ஆங்கிலமும் கலந்து மூன்று மணி நேரம்.

வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் 12 மணி நேரம். ஐ.சி.யு.வில் ஒரு நர்சுக்கு இரண்டு நோயாளி. (எனக்கு ராத்திரியில் நான்கு, ஆள் வரவில்லையென்றால் ஐந்து.) சம்பளம் இந்தப் பக்கம் மணிக்கு 50 டாலருக்கு முன்னே பின்னே. மனசுக்குள் பெருக்கினேன்; என் ஒரு மாதச் சம்பளம் இங்கே ஒரு ஷிஃப்டைத் தாண்டாது. அவர் என் முகத்தைப் பார்த்தே கணக்கைப் புரிந்துகொண்டு, "பெருக்குறது சரி மோளே, கழிக்கவும் வேணும்" என்றார். வரி, வாடகை, குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் டே கேர், கார் இன்ஷூரன்ஸ். வேலையிலும் கழிவுண்டு. துணைக்கு உட்கார நோயாளியின் அத்தையோ சித்தியோ வரமாட்டார்கள். துடைப்பது, திருப்பிப் படுக்க வைப்பது, ஊட்டுவது எல்லாம் நாம்தான். ஒவ்வொன்றையும் கணினியில் ஏற்ற வேண்டும்; ஏற்றாதது நடக்காததற்குச் சமம், கோர்ட்டில் அப்படித்தான் நிற்கும். அதனால் பாதி வேலை நோயாளியோடு, மீதி கீபோர்டோடு. அவர் முதுகைத் தேய்த்துக்கொண்டே பேசினார். எந்த ஊர் நர்சாக இருந்தாலும் முதுகு ஒன்றுதான்.

தேர்வு பற்றி எனக்குப் பெரிய பயமில்லை. என்கிளெக்ஸ் கணினியில் எழுதுவது. குறைந்தது 85 கேள்வி, அதிகம் போனால் 150, ஐந்து மணி நேரம். நாம் சொல்லும் பதிலைப் பொறுத்து அடுத்த கேள்வியின் கடினம் மாறும். சென்னையிலேயே எழுதலாம். நர்சுகளுக்கு இங்கே ஆள் பற்றாக்குறை என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டு தனிப் பட்டியலில் வைத்திருக்கிறது. உள்ளூரில் ஆள் தேடிப் பார்த்தோம், கிடைக்கவில்லை என்று ஆஸ்பத்திரி நிரூபிக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. இதுவரைக்கும் கேட்க நன்றாகத்தான் இருந்தது.

பிறகு போனைத் திறந்து, மாதாமாதம் வெளிவரும் விசா பட்டியலைக் காட்டினார். வேலை வழியாக வரும் கிரீன் கார்டு வருடத்துக்கு மொத்தம் 1,40,000 சுமார். இதில் எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்பது 1990-ஆம் வருடச் சட்டம். நாட்டின் மக்கள்தொகை என்ன என்பது கணக்கிலேயே இல்லை. ஐஸ்லாந்துக்கும் அதே வரம்பு, இந்தியாவுக்கும் அதே வரம்பு. நர்சுகள் வருவது இபி-3 என்ற பிரிவில். அதில் இந்தியாவில் பிறந்தவர்களுக்கு இப்போது நடப்பது 2013-இல் மனுப் போட்டவர்களின் முறை. ஃபிலிப்பைன்ஸில் பிறந்த நர்சுக்கு 2023. அதே தேர்வு, அதே வார்டு, அதே சம்பளம். நடுவில் பத்து வருடம். நான் அடுத்த வருடம் மனுப் போட்டால், வரிசை இதே வேகத்தில் நகர்ந்தால், என் மகன் கல்லூரி முடித்திருப்பான். நான் கட்டிலைத் தள்ளுவதற்குப் பதில் கட்டிலில் படுக்கிற வயதுக்குப் பக்கத்தில் இருப்பேன்.

சாயா ஆறிவிட்டது. அவர் திடீரென்று, "உன் ஹஸ்பண்ட் எங்கே பிறந்தது?" என்று கேட்டார். எதற்குக் கேட்கிறார் என்று புரியவில்லை. அவர் வார்டில் ஒரு கோட்டயத்துப் பெண். அவள் கணவன் பிறந்தது குவைத்தில், அப்பா அங்கே வேலை பார்த்த காலத்தில். பிடிப்பது இந்தியப் பாஸ்போர்ட்தான், ஆனால் இவர்கள் பார்ப்பது குடியுரிமையை அல்ல, பிறந்த மண்ணை. கணவன் மனைவி சேர்ந்து வருவதென்றால் இருவரில் யாருடைய பிறந்த நாட்டு வரிசையில் வேண்டுமானாலும் நிற்கலாம். அவள் குவைத் வரிசையில் நின்று விறுவிறுவென்று வந்துவிட்டாள்.

"ஹட்டன்" என்றேன். "சிலோன்ல."

அவர் சாயாக் கோப்பையைக் கீழே வைத்தார்.

செப்டம்பர் 20, சனி

நேற்று இரவிலிருந்து வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதிபரின் அறிவிப்பு வந்தது: கம்பெனிகள் வெளிநாட்டு ஊழியர்களை வேலைக்குக் கொண்டுவரும் எச்-1பி விசாவுக்கு இனிமேல் 1,00,000 டாலர் கட்டணம், ஞாயிற்றுக்கிழமை பிறந்ததும் அமல். வருடா வருடம் கட்ட வேண்டும் என்று வணிகத்துறைச் செயலர் சொன்னதும் பரவிவிட்டது. வெளிநாட்டில் இருக்கும் ஊழியர்கள் உடனே திரும்புங்கள், உள்ளே இருப்பவர்கள் எங்கும் போகாதீர்கள் என்று பெரிய கம்பெனிகளிலிருந்து மெயில். அண்ணன் எச்-1பிதான். போன் ஓயவில்லை.

அண்ணனின் சிநேகிதர் ஒருவர் அப்பாவுக்கு மகாளய அமாவாசைத் திதி கொடுக்கக் கோயம்புத்தூர் போயிருந்தார். நாளைக்குப் பேரூர் ஆற்றங்கரையில் நிற்க வேண்டியவர், இன்றைக்கு விமான நிலையத்தில் கிடைத்த டிக்கெட்டை எடுத்துக்கொண்டு ஏறிவிட்டார். துபாய் வந்து இறங்கியபோது வெள்ளை மாளிகையின் விளக்கம் வெளியாகிவிட்டிருந்தது: புதிதாகப் போடும் மனுக்களுக்கு மட்டும், அதுவும் ஒரே தடவை, ஏற்கெனவே விசா வைத்திருப்பவர்களுக்கு இல்லை. அவர் அண்ணனுக்குப் போன் செய்து அழுதாராம். அண்ணன் அதைச் சொல்லும்போது அண்ணி அடுப்பைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஏற்கெனவே துடைத்த அடுப்பு.

இதற்கு முன் அண்ணனின் நிலைமையை நான் இவ்வளவு விளக்கமாகக் கேட்டதில்லை. ஊரில் எல்லாரும் அவரை 'அமெரிக்காவில் செட்டில் ஆனவர்' என்றுதான் சொல்வோம். கிரீன் கார்டுக்கு 2015-இல் மனு. தகுதி எல்லாம் பார்த்து ஒப்புக்கொண்டாகிவிட்டது. பாக்கி இருப்பது முறை வருவதுதான். அவர் பிரிவிலும் இந்திய வரிசை 2013-இல்தான் நிற்கிறது. அதுவரை மூன்று வருடத்துக்கு ஒருமுறை விசாவை நீட்டித்துக்கொண்டே போகலாம். வேலை போனால் 60 நாள் அவகாசம், அதற்குள் வேறு வேலை. வீடு வாங்கியிருக்கிறார், நாட்டிலேயே அதிகமான சொத்துவரி கட்டுகிறார், கொல்லையில் பாகற்காய் போட்டிருக்கிறார். எல்லாம் அந்த அறுபது நாளுக்கு மேல் கட்டியது.

குழந்தைகள் இரண்டு. சின்னவன் இங்கே பிறந்தவன், குடிமகன். பெரியவள் கோயம்புத்தூரில் பிறந்து கைக்குழந்தையாக வந்தவள், வயது 17. 21 ஆகும்போது அப்பாவின் விசாவோடு இருக்கும் உரிமை அவளுக்கு முடிந்துவிடும். பிறகு மாணவர் விசாவோ, வேறு எதுவோ, இல்லையென்றால் அவளுக்கு ஞாபகமே இல்லாத ஊருக்குத் திரும்ப வேண்டும். ஒரே தட்டில் சாப்பிடும் அக்கா தம்பிக்கு இரண்டு சட்டம்.

செப்டம்பர் 21, ஞாயிறு

நிலைமை கொஞ்சம் அடங்கியதால் ஃப்ளஷிங் பிள்ளையார் கோயிலுக்குப் போனோம். குயின்ஸில் சாதாரணக் குடியிருப்புத் தெருவுக்குள் திடீரென்று ராஜகோபுரம். ஐ.நா. சபையில் அதிகாரியாக இருந்த அழகப்பா அழகப்பன் முன்னின்று 1970-இல் சங்கம் தொடங்கி, 1977 ஜூலை 4, அமெரிக்கச் சுதந்திர தினத்தன்று கும்பாபிஷேகம் செய்த கோயில். தெருவின் பெயர் பௌன் வீதி. பெயருக்குரிய ஜான் பௌன், 1660களில் தடை செய்யப்பட்ட குவேக்கர் மதத்தாரைத் தன் வீட்டில் தொழ விட்டதற்காகக் கைதானவர். இப்போது அதற்குக் 'கணேஷ் டெம்பிள் ஸ்ட்ரீட்' என்றும் ஒரு பலகை உண்டு. அடித்தளத்து கேன்டீனில் தோசை. சட்னி நன்றாக இருந்தது, சாம்பார் பரவாயில்லை. வரிசையில் சீனர்களும் நின்றார்கள்.

செப்டம்பர் 23, செவ்வாய்

யூதப் புத்தாண்டுக்காக இங்கே பள்ளிக்கூடம் விடுமுறை. அண்ணன் மகளை அழைத்துக்கொண்டு எல்லிஸ் தீவுக்குப் போனேன். உண்மையில் அவள்தான் என்னை அழைத்துப் போனாள். மெட்ரோபார்க்கில் ரயில் ஏறி நியூயார்க், அங்கிருந்து சப்வேயில் மன்ஹாட்டன் தீவின் தென்முனை, பிறகு படகு. படகில் பாதிப் பேர் சுதந்திர தேவியின் காலடியில் இறங்கி போட்டோ எடுத்தார்கள். நாங்களும் எடுத்தோம். எனக்கு அடுத்த நிறுத்தத்தில்தான் கண்.

1892 முதல் 1954 வரை ஒரு கோடியே இருபது லட்சம் பேர் வந்து இறங்கிய தீவு. முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்புப் பயணிகளைக் கப்பலிலேயே பார்த்து அனுப்பிவிடுவார்கள். இங்கே கொண்டுவந்தது மூன்றாம் வகுப்புக்காரர்களைத்தான். மூட்டையோடு மாடிப்படி ஏறும்போதே மேலே நிற்கும் டாக்டர்கள் கவனிப்பார்கள்: யாருக்கு மூச்சு வாங்குகிறது, யார் நொண்டுகிறார்கள். சந்தேகம் வந்தால் சட்டையில் சாக்பீஸால் ஒரு எழுத்து. இருதயத்துக்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று, கால் ஊனத்துக்கு ஒன்று, புத்தி சரியில்லை என்றால் பெருக்கல் குறி. கண் இமையைப் பொத்தான் கொக்கியால் திருப்பிப் பார்ப்பார்கள். டிராகோமா என்ற தொற்றும் கண்நோய் இருந்தால் பெரும்பாலும் திரும்பிப் போக வேண்டியதுதான். அந்தக் கொக்கியைப் படத்தில் பார்த்ததும் என் கை தானாகக் கண்ணுக்குப் போனது. ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான கண்கள், ஒரு கொக்கி. நர்சாக எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை, நடுவில் எதில் முக்கிக் கழுவினார்கள் என்பதைத் தவிர.

என்றாலும் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் இரண்டு சதவீதம் சொச்சம்தான். மற்றவர்களில் பெரும்பாலோர் சில மணி நேரத்தில் சோதனை முடிந்து வெளியே வந்துவிட்டார்கள். மனு இல்லை, வரிசைத் தேதி இல்லை. எங்கள் பாட்டியின் தாத்தாவும் அப்படி வந்தவர்தான். (பக்கத்து வீட்டுப் பாட்டியைச் சொல்கிறேன். அதற்குள் 'எங்கள்' பாட்டி ஆகிவிட்டார்.) 'சட்டப்படி வரிசையில் நின்று வந்தவர்கள் நாங்கள்' என்று பெருமைப்படும் குடும்பங்களில் பல, நிற்கவே வேண்டியிராத காலத்தில் வந்தவை.

அந்தக் கதவு ஆசியக்காரர்களுக்கு அப்படித் திறந்திருக்கவில்லை. 1917-இல் ஆசியாவின் பெரும்பகுதியைக் கோடு கிழித்து, அதற்குள் அடங்கியவர்கள் வரக்கூடாது என்றார்கள், இந்தியாவும் உள்ளே. 1923-இல், அமெரிக்க ராணுவத்தில் இருந்த பகத் சிங் தின்ட் என்ற சீக்கியர் குடியுரிமை கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றார். வெள்ளையர் இல்லை என்று தீர்ப்பு. 1946-இல் மனமிரங்கி, இந்தியர்களுக்கு வருடத்துக்கு 100 பேர் என்றார்கள். 1965 அக்டோபர் 3 அன்று, நாங்கள் காலையில் போட்டோ எடுத்த அதே சுதந்திர தேவித் தீவில், ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்துப் போட்ட சட்டம்தான் நம் டாக்டர்களுக்கும் இன்ஜினியர்களுக்கும் வழிவிட்டது. ஃப்ளஷிங் கோயில் எழுந்ததும் அந்த வழியில்தான்.

மாடியில் பதிவு மண்டபத்தின் பெஞ்சில் உட்கார்ந்து மருமகள் சிப்ஸ் தின்றுகொண்டிருந்தாள். "அத்தை, எனக்கு இங்க சாக்பீஸ்ல என்ன எழுதுவாங்க?" என்றாள். அவளுடைய தமிழில் ழ இல்லை, கிண்டல் இருக்கிறது. "உனக்கென்ன, தெம்பாத்தானே இருக்கே" என்றேன். "இல்லை, ஐ அப்படின்னு எழுதுவாங்க. ஐ ஃபார் இந்தியா." சொல்லிவிட்டுச் சிரித்தாள். கல்லூரி விண்ணப்பத்தில் 'வெளிநாட்டு மாணவி' என்ற கட்டத்தில் டிக் அடிக்க வேண்டியிருப்பதுதான் அவளுக்கு இப்போதைய கோபம். ஒன்றாம் வகுப்பிலிருந்து தினமும் காலையில் அமெரிக்கக் கொடிக்கு விசுவாச உறுதிமொழி சொன்ன பிள்ளை.

செப்டம்பர் 26, வெள்ளி

நவராத்திரி. அண்ணி மூன்று படி வைத்திருக்கிறார். மரப்பாச்சிக்குப் பக்கத்தில் சின்னவனின் லெகோ பள்ளிப் பேருந்து. தினம் யாராவது வருகிறார்கள், சுண்டல் வாங்கிக்கொள்கிறார்கள், எச்-1பி பேசுகிறார்கள்.

மூன்று நாளாக வீட்டுக்காரரோடு வாட்ஸ்அப்பில் இதே பேச்சு. அவர் குடும்பக் கதையைச் சொன்னால்தான் விஷயம் புரியும். தாத்தாவின் அப்பா காலத்தில் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து இலங்கைக்கு, தேயிலைத் தோட்டத்துக்குப் போன குடும்பம். சுதந்திரம் வந்ததும் இலங்கை இவர்களுக்குக் குடியுரிமை இல்லை என்றது. 1964-இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் அங்கேயே என்று ஆட்களைப் பங்கு பிரித்தார்கள். என் மாமனார் இந்தியப் பங்கில் விழுந்தார். அவருடைய அண்ணன் இலங்கைப் பங்கில். 1981-இல் ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடு) பிறந்த இவர், 1983-இல் அம்மாவின் இடுப்பில் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம் வந்தார். மண்டபம் முகாம், பிறகு கூடலூர், மறுபடியும் அரசாங்கத் தேயிலைத் தோட்டம். பள்ளிக்கூடத்தில் 'சிலோன்காரன்'. கோயம்புத்தூரில் மோட்டார் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தபோது அகதியா என்று கேட்டார்கள். எங்கள் கல்யாணத்தின்போது என் சித்தப்பா கேட்ட முதல் கேள்வியும் அதுதான். ஹட்டன் என்ற பெயரை அவர் எங்கேயும் எழுதுவதில்லை.

இப்போது நான் போய், "என்னங்க, அந்தப் பிறப்புச் சான்றிதழ் வேணும்" என்கிறேன்.

முதல் நாள் அவர் ஒன்றும் பேசவில்லை. இரண்டாம் நாள், "இலங்கையும் எங்களை வேண்டாம்னுச்சு, இங்க வந்தா இவங்களும் முகம் சுளிச்சாங்க. இப்ப அமெரிக்காக்காரன் மட்டும் நான் அங்க பிறந்தவன்னு ஒத்துக்கறானாக்கும்" என்றார். இலங்கையில் பிறந்தவர்களுக்குத் தனி வரிசை இல்லை, பொது வரிசைதான், அதில் இப்போது நடப்பது 2023 என்று மறுபடியும் சொன்னேன். "உங்கப்பாம்மா?" என்றார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. தேர்வு எழுதி, ஆஸ்பத்திரி கிடைத்து, முறை வர எப்படியும் நான்கைந்து வருடம் ஆகும், அதுவரை அங்கேதானே இருப்பேன் என்றேன். அது பதில் இல்லை என்பது இருவருக்கும் தெரியும். போன பிறகும் அமாவாசைக்குப் பேரூரில் நிற்க டிக்கெட் தேடும் ஆளாக நானும் ஆகலாம். ஆனாலும் எழுதத்தான் போகிறேன். டிசம்பருக்குள் பணம் கட்டிவிடுவேன்.

இன்று காலையில் அவரே கூப்பிட்டார். ஹட்டனில் பெரியப்பா மகனோடு பேசிவிட்டாராம். பதிவேட்டு எண் தெரிந்தால் நகல் எடுப்பது சுலபம். தெரியாவிட்டால் தோட்டத்தின் பெயரையும் பிறந்த தேதியையும் வைத்துத் தேடித்தரச் சொல்ல வேண்டும். தோட்டத்தின் பெயர் தெரியும். தேதியில்தான் சிக்கல். கூடலூர் பள்ளியில் சேர்க்கும்போது ஹெட்மாஸ்டர் பிறந்த ஊர் கூடலூர், பிறந்த தேதி மே 30 என்று தானே போட்டுவிட்டார். ஆதார், ஓட்டர் அட்டை எல்லாவற்றிலும் அதுதான். நல்லவேளை, பாஸ்போர்ட் இன்னும் எடுக்கவில்லை.

மாமியாரைக் கேட்டால் மாசி மாதம் என்கிறார். மாசியில் என்றைக்கு என்றால், "தோட்டத்துல காமன் கூத்துக்குக் கம்பம் ஊனின ராத்திரி" என்கிறார். காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றுவது மாசி அமாவாசை கழித்து மூன்றாம் நாள் என்று பெரியப்பா மகன் சொல்கிறார். 1981-இல் மாசி அமாவாசை எந்தத் தேதியில் வந்தது என்று அண்ணி சுண்டல் கிண்ணங்களை ஒதுக்கிவிட்டு லேப்டாப்பில் பஞ்சாங்கம் தேடிக்கொண்டிருக்கிறார்.